இடது கையில் ஒரு விளக்கு

என் அப்பாவுக்குப் பயம் என்பதே கிடையாது என்று தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் எல்லோரும் சொல்வார்கள். கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டை அடுக்கியவர். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில்கூட வேலைக்குப் போனவர். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. செத்தால் கேட்பாரில்லாமல் அநாதைப் பிணமாகப் போய்விடுவோமோ என்கிற பயம். மனைவி இருந்தாள், மகள் நான் இருந்தேன். அப்படியும் அது அவரை விட்டுப் போகவில்லை. காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி கேட்கமாட்டார், மருந்து கேட்கமாட்டார். "நான் போயிட்டா பக்கத்துல இருப்பீங்கல்ல?" என்றுதான் கேட்பார். அம்மாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "இல்ல, நாங்க படம் பாக்கப் போயிருவோம்" என்பாள்.

அப்பாவின் இடது கையில், முழங்கைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கமாக ஒரு சின்ன அகல்விளக்கு பச்சை குத்தியிருக்கும். சுடர் மட்டும் கொஞ்சம் கோணல். அதே விளக்கு, அதே இடத்தில், சித்தப்பா கையிலும் இருந்தது. சித்தப்பா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஊர் வேறு, சாதி வேறு. அப்பாவோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பாவின் கையில் விளக்கைக் குத்தியவரே அவர்தான். சுடரின் கோணலைப் பற்றி யாராவது கேட்டால், "அண்ணன் கையை ஆட்டிட்டார்லா, நான் என்ன பண்றது?" என்பார். அப்பா, "அவன் கைதான் நடுங்குச்சு" என்பார். இந்த வழக்கு தீர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த விளக்கு எதற்கு என்று சின்ன வயதில் நான் கேட்டதே இல்லை. அம்மா கையில் கோலம் இருந்தது, அப்பா கையில் விளக்கு இருந்தது, அவ்வளவுதான். கேட்க வேண்டிய நாள் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. அப்போது நான் சிராங்கூன் ரோட்டில் ஒரு தையற்கடையில் வேலை பார்த்தேன். எங்கள் கடைக்கு எதிரே ஒருவர் கச்சாங் பூத்தே வண்டி போட்டிருந்தார். கடலை, பட்டாணி, முறுக்கு என்று பிரித்து வைத்து, காகிதத்தைச் சுருட்டி அதில் போட்டுக் கொடுப்பார். ஒருநாள் காலை மூன்று பேர் வந்தார்கள். எல்லாம் மீசை சரியாக முளைக்காத பையன்கள். ஒருவன் சட்டைக் கையைச் சுருட்டி வண்டிக்காரரிடம் காட்டினான். அவர் முகம் செத்துப்போனது. வண்டியை விட்டு நகர்ந்து நின்றார். அந்தப் பையன் வண்டியை ஒரே தள்ளு தள்ளினான். பட்டாணியெல்லாம் சாக்கடையில் கொட்டியது. தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தபடியே நான் அவன் கையைப் பார்த்தேன். அப்பா கையில் இருந்த அதே விளக்கு. அளவில்தான் பெரிது, சுடரைக் கத்தி மாதிரி கூராகக் குத்தியிருந்தான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அன்றும் இன்றும். வேலை முடிந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நீங்க சம்செங்கா?" என்று கேட்டேன். ரௌடி என்பதற்கு இங்கே அதுதான் பெயர். அம்மா கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா என்னை உட்காரச் சொன்னார்.

அப்பா இங்கே வந்த புதிதில், அவரோடு ஒரே அறையில் இருந்த ஒருவன் திடீரென்று வேலைக்கு வரவில்லை. ரப்பர்த் தோட்டத்துக்கு ஓடிவிட்டான் என்று தண்டல் சொன்னான். தண்டல் என்றால் கூலிகளை வேலை வாங்குகிற மேஸ்திரி. அறையில் இருந்தவர்களும் அதை நம்பினார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானே என்று நாக்கில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். பிறகுதான் தெரிந்தது, அவன் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே விழுந்துவிட்டான் என்று. தண்ணீரில் கிடந்ததில் முகம் யாருடையது என்றே தெரியாமல் போய்விட்டது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்துப் பார்த்துவிட்டு, யாரும் வராததால் அரசாங்கமே எங்கோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டது. இடுப்புக் கயிற்றில் கோத்திருந்த தாயத்தைப் பற்றி யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் இவர்களுக்கு விஷயம் எட்டியது.

"ஓடிப்போனவன்னு நாங்க திட்டிக்கிட்டு இருந்தோம்மா. அவன் மண்ணுக்குள்ள கிடந்தான்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகுதான் அந்த அறைக்காரர்களும் பக்கத்து அறைக்காரர்களும் கூடினார்கள். நடுவில் ஒரு விளக்கை ஏற்றி, ஒவ்வொருவரும் அதன்மேல் இடது கையை நீட்டி, "உன்னை அநாதையா விடமாட்டேன். உன் தலைமாட்டுல விளக்கு வைப்பேன்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார்கள். மொத்தச் சத்தியமும் இவ்வளவுதான். எண்ணெய்ப் புகைக் கரியைக் குழைத்து, சித்தப்பா ஊசியால் ஒவ்வொருவர் கையிலும் விளக்கைக் குத்தினார். முகம் மாறிப்போகும், சட்டையை யாராவது உருவிக்கொள்வார்கள், கையில் குத்தியது போகாது என்பது அவர்கள் கணக்கு. எங்கே யார் செத்துக் கிடந்தாலும், இடது கையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். விளக்கு இருந்தால் நம் ஆள். தூக்கிக்கொண்டு போய்ச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்.

"இதுக்கு எதுக்குப்பா ரகசியம்? நல்ல காரியம்தானே?" என்று கேட்டேன்.

நாலு பேர் கூடிப் பேசினாலே வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்கள் என்று தண்டல் நினைப்பானாம், அடுத்த நாள் வேலை இருக்காதாம். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்லும்போது அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் எல்லாச் சாதியும் இருந்தது. ஒருவர் பிணத்தை ஒருவர் குளிப்பாட்டி, தோள் கொடுத்து, சுடுகாட்டில் சொந்தக்காரன் போல நின்றார்கள். ஊருக்குத் தெரிந்தால் குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள். கடல் தாண்டி வந்தும் அந்தப் பயம் மட்டும் கூடவே கப்பலேறி வந்திருந்தது. முதலாளிக்குத் தெரியாமல் கொஞ்சம், சொந்தச் சனத்துக்குத் தெரியாமல் அதிகம் என்று அந்தச் சங்கத்தை மறைத்து வைத்திருந்தார்கள்.

இப்போதெல்லாம் ரகசியச் சங்கங்களைப் பற்றிப் பேச ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். குளிரூட்டிய அறையில் படம் போட்டுக் காட்டி, சீனர்களின் சங்கங்களும் ஆதியில் தனியாக வந்தவர்களுக்குச் சோறும் சவச்சடங்கும் தந்த அமைப்புகள்தான், பிறகுதான் அடிதடியில் இறங்கின என்று விளக்குகிறார்கள். கேட்க வந்தவர்கள் தலையாட்டுகிறார்கள். டீயும் பிஸ்கட்டும் தருகிறார்கள். நானும் ஒரு தடவை போய் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்தேன். பேசியவர்மேல் குறை இல்லை, அவர் சரியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

விளக்கு எப்படிக் கெட்டது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பழைய ஆட்களில் ஒருவருடைய மகன் வேலை வெட்டி இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். அப்பன் கையில் இருப்பது ஏதோ ரகசியச் சங்கத்தின் அடையாளம் என்று மட்டும் அவனுக்குத் தெரியும். என்ன சங்கம் என்று அப்பனும் சொல்லவில்லை, வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. சொல்லாததால் அது அவனுக்குப் பயங்கரமான ஒன்றாகத் தோன்றியிருக்கிறது. பூட்டிக் கிடந்த வீட்டில் எவனோ குடியேறின மாதிரி, அவனும் அவன் கூட்டாளிகளும் அதே விளக்கைக் குத்திக்கொண்டு உள்ளே புகுந்துகொண்டார்கள். சிராங்கூன் ரோட்டிலும் கேலாங்கிலும் சோடா பாட்டிலும் சைக்கிள் சங்கிலியுமாக அடித்துக்கொண்டார்கள். கடைக்காரர்கள் விளக்கைக் கண்டால் நடுங்கினார்கள். பிணம் தூக்கச் சத்தியம் செய்தவர்களின் அடையாளத்தை வைத்துக்கொண்டு இவர்கள் பிணம் விழ வைத்தார்கள்.

அதன் பிறகு போலீஸ் சும்மா இருக்குமா? தெருமுனையில் நிறுத்திச் சட்டைக் கையைச் சுருட்டச் சொன்னார்கள். விளக்கு இருந்தால் லாரியில் ஏற்று. சின்ன விளக்கா பெரிய விளக்கா, சுடர் கோணலா நேரா என்றெல்லாம் பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? சித்தப்பா அப்படித்தான் மாட்டினார். விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கிற சட்டம் அப்போது வந்திருந்தது. சில மாதங்கள் கழித்து விட்டார்கள். ஆனால் துறைமுகத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. குடியிருப்பில் பேசிப் பழகியவர்கள்கூட அவரைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். அவர் கிராஞ்சிப் பக்கம் போய், ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் காவலும் தண்ணீர் இறைப்பதுமாக ஒரு குடிசையில் இருந்துகொண்டார்.

சத்தியத்தை அவர் விடவில்லை. தோட்டத்துக் காய்கறி லாரி வாரா வாரம் தேக்கா பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, வரும். கூடைகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, சித்தப்பா நேராகப் பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போவார். அங்கே வேலை பார்த்த ஆள் அவருக்குப் பழக்கம். யாரும் கேட்காத உடல் ஏதாவது கிடந்தால், துணியை விலக்கி இடது கையைத் திருப்பிப் பார்ப்பார். இருந்தால் எடுத்துக்கொண்டு போய் எரிப்பார். அப்படிச் சிலரை எடுத்திருக்கிறார். வழியில் எங்கள் தையற்கடையில் நின்று எனக்கு ஒரு கட்டுக் கீரை கொடுப்பார். "பிணம் பாக்கப் போறவரு கீரையோட போறாரு பாரு" என்று அம்மா சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தக் கீரையைத்தான் சமைப்பாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அறுபதுகளின் தொடக்கத்தில். பையன் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அப்பா வெற்றிலைத் தட்டை நீட்டினார். சட்டைக் கை மேலே ஏறியது. பையனின் அம்மா வெற்றிலையை எடுக்கவில்லை. எடுக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். காப்பி ஆறிப்போய்விட்டது. மறுநாள் தரகர் வந்து, "பொண்ணைப் பிடிச்சிருக்காம். ஆனா கவர்மெண்ட்டு வேலைலா, சம்செங் வீட்டுல சம்பந்தம் பண்ண பயப்படுறாங்க" என்றார். அப்பா விளக்கம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? "எனக்கு இந்த மாப்பிள்ளை வேண்டாம், எங்கப்பா கையைப் பாத்து முகம் சுளிக்கிற வீடு எனக்கு எதுக்கு?" என்று நான் கத்தினேன். அம்மா அழுதாள். அப்பா வெளியே போய்விட்டார்.

குடியிருப்பில் துணி வெளுக்கிறவரிடம் அப்பா சலவைக் காரம் வாங்கி, அதைச் சுண்ணாம்போடு குழைத்து, கையில் வைத்துக் கட்டிக்கொண்டார். எங்களுக்குத் தெரியும்போது அது தோலைத் தின்றுவிட்டிருந்தது. புண் அழுகிக் காய்ச்சல் வந்தது. ஆறி முடிந்தபோது விளக்கு இருந்த இடத்தில் இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு தழும்புதான் இருந்தது. கொதிநீர்க் குழாய் பட்டுவிட்டது என்று வேலை இடத்தில் சொல்லிவைத்தார். நான் அவரைக் கண்டபடி திட்டினேன். அப்பாவை அப்படித் திட்டக்கூடாதுதான், ஆனால் அந்தப் புண்ணைப் பார்த்த பிறகு என்னால் வாயை அடக்க முடியவில்லை.

"அது எனக்கு எதுக்கும்மா இனிமே? தனியா வந்தவனுக்குத்தான் விளக்கு வேணும். எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார். அப்புறம், "தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்றார்.

சித்தப்பா குத்திய விளக்கை அழித்துவிட்டேன் என்று அவரிடமே சொல்ல அப்பாவுக்கு முகம் இல்லை. அதனால் முழுக்கைச் சட்டைதான் போட்டார். நானே தைத்துக் கொடுத்தேன். கை நழுவி மேலே ஏறாமல் இருக்க, மணிக்கட்டில் வழக்கமான பொத்தானுக்கு மேலே இன்னொரு பொத்தானும் வைத்தேன். பிறகு வேறு இடத்தில் அமைந்த என் கல்யாணத்துக்குச் சித்தப்பாவை அழைக்க முடியவில்லை, கையில் விளக்கோடு அவர் பந்தலில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. வரவில்லை. ஆனால் காய்கறி லாரியில் குலையோடு இரண்டு வாழை மரங்கள் வந்து இறங்கின. வாசலில் கட்டினோம். "என்ன அழகான குலை, எங்க பிடிச்சீங்க?" என்று என் மாமியார் கேட்டார். கிராஞ்சியில் என்று மட்டும் சொன்னோம்.

கல்யாணமான சில வருடங்களில் அம்மா போய்விட்டாள். அப்பா சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கொள்ளி வைக்கும்போது சட்டையைக் கழற்ற வேண்டும், அதுதான் காரணம். மகன் இல்லாததால் அவரேதான் கொள்ளி வைத்தார், அந்தத் தழும்போடு. சொந்த அண்ணி மாதிரி இருந்தவளின் தலைமாட்டில் சித்தப்பா இல்லாமலே எல்லாம் நடந்து முடிந்தது. பிறகு ஒருநாள் அவர் என் வீட்டு வாசலில் ஒரு பூசணிக்காயோடு வந்து நின்றார். "அண்ணி போயிட்டாங்கன்னு பாசார்ல பேசிக்கிட்டாங்க" என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அப்பா ஓய்வு பெற்றதும் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். சம்பந்தி வீட்டில் தங்க அவர் ஒப்பவில்லை. தஞ்சோங் பகாரிலேயே பழைய ஆட்கள் சிலரோடு ஓர் அறையில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். மாமியாரும் அதற்குள் அவரோடு பழகிவிட்டிருந்தார், மீன் தலையை எடுத்து அப்பா தட்டில் வைக்கிற அளவுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கிராஞ்சிக்குப் போய் தம்பிகிட்டச் சொல்லிடலாம்னு இருக்கேன். இவ்வளவு நாள் ஒளிச்சதே தப்பு. ரெண்டு திட்டுத் திட்டுவான், திட்டட்டும்" என்றார்.

"போங்கப்பா. போய்ட்டு நாலு நாள் இருந்துட்டே வாங்க" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. எனக்கும் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. கிராஞ்சியில் இருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு கிழவர்களும் சேர்ந்தால் பேச்சு லேசில் முடியாது என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவருடைய அறைக்காரர்கள், அவர் மகள் வீட்டில் இருக்கிறார் என்று நினைத்திருந்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. மழைக்காலம். திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பினேன். முதலில் அறைக்குப் போனேன். தகரப் பெட்டி பூட்டியபடி இருந்தது. அடையாள அட்டையும் அதற்குள்தான் இருக்கும், தொலைந்துவிடும் என்று பயந்து அதை அவர் வெளியே கொண்டுபோவதே இல்லை. கிராஞ்சிக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, மிச்சத் தூரம் ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி ஏறிப் போனேன்.

சித்தப்பா தோட்டத்தில் கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாளியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். அத்தனை சந்தோஷம். "அண்ணன் வரலையா?" என்று எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவர் இங்க வரலையா சித்தப்பா?"

"இங்கயா? அவர் இங்க வந்து வருஷக்கணக்காச்சே."

குடிசை வாசலில் கிடந்த பெட்டியில் என்னை உட்கார வைத்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அப்பா இங்கே வருவதாகச் சொன்னார் என்றேன், எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. அவர் என்னைத் தேற்றத்தான் அதைச் சொன்னார், அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

"பயப்படாதேம்மா. அப்படி எதுவும் ஆகியிருக்காது. நான்தான் வாரா வாரம் ஆஸ்பத்திரியில பாத்துக்கிட்டே இருக்கேனே. போன வாரத்துக்கு முந்தின வாரம்கூட ஒரு பெரியவர் கிடந்தாரு. தண்ணியில விழுந்தவரு. முகமெல்லாம் ஊதிப்போச்சு. கையைத் திருப்பிப் பாத்தேன். விளக்கு இல்ல. வெந்துபோன தழும்புதான் இருந்துச்சு. நம்ம ஆளு இல்லைன்னு வந்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியாது. "எந்தக் கையில சித்தப்பா?" என்று நான் கேட்டேன். அவர் தன்னுடைய இடது கையைத் தூக்கி, விளக்கு இருந்த இடத்தை வலது கையால் மெதுவாகத் தொட்டார்.

"என்னம்மா பண்ணாரு அண்ணன்?" என்றார்.

சொன்னேன். பெண் பார்க்க வந்ததையும், காரத்தையும், முழுக்கைச் சட்டையையும், அம்மாவின் சாவுக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் அழவில்லை. திட்டவும் இல்லை. அப்பா ஆசைப்பட்ட அந்த இரண்டு திட்டுக்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வா, போவோம்" என்றார்.

பிணவறையில் அந்த உடல் இல்லை. வைத்திருக்கும் நாள் முடிந்து, யாரும் வராததால், அரசாங்கமே புதைத்துவிட்டதாகச் சொன்னார்கள். உடம்பில் இருந்த துணிகளை மட்டும் ஒரு பழுப்புக் காகிதப் பையில் வைத்திருந்தார்கள். பிரித்ததும் உப்புத் தண்ணீர் வாடை அடித்தது. முழுக்கைச் சட்டை. மணிக்கட்டில் ஒரு பொத்தானுக்கு மேலே இன்னொரு பொத்தான். நூல்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது. பழைய கப்பல் துறையைப் பார்க்கக் கால் போன இடத்தில் விழுந்தாரோ, கிராஞ்சிக்குப் போவதற்கு முன்னால் கடலோரம் கொஞ்சம் நின்றாரோ, யாருக்கும் தெரியாது. "எனக்குத்தான் நீங்க இருக்கீங்களே, விளக்கு எதுக்கு" என்று சொன்னவர் அங்கே யாருமில்லாதவராகக் கிடந்திருக்கிறார். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் வந்து நின்று, துணியை விலக்கி, கையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

புதைத்த இடம் ஊருக்கு வெளியே இருந்தது. போகிற வழியில் சித்தப்பா ஒரு கடையில் அகல்விளக்கும் எண்ணெயும் திரியும் வாங்கினார். என் கணவரும் வந்து சேர்ந்துகொண்டார். புல் வெட்டுகிற ஓர் ஆள் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். கேட்பாரில்லாதவர்களின் வரிசை அது. பெயர் கிடையாது, ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் எண் எழுதின ஒரு மரக்கட்டை. மழையில் மண் ஈரமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த எண்ணைப் பார்த்து அந்த ஆள் ஒரு மேட்டைக் காட்டினார்.

சித்தப்பா செருப்பைக் கழற்றினார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டார். போலீஸ் பார்க்கும், என் கணவர் பார்ப்பார் என்கிற யோசனையே இல்லை. என் கணவர் குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தார். சித்தப்பா திரியை நனைத்து விளக்கை ஏற்றி, குனிந்து வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தலை எந்தப் பக்கம்பா?" என்று புல் வெட்டுகிறவரிடம் கேட்டார்.

"அதெல்லாம் யாரு பாக்குறாங்க? குழிக்குத் தக்கன வைக்கிறதுதான்" என்றார் அவர், கடுமையாக இல்லை, உள்ளதைச் சொன்னார்.

சித்தப்பா மேட்டின் ஒரு முனைக்குப் போனார். அங்கிருந்து மறு முனைக்கு நடந்தார். திரும்பவும் முதல் முனைக்கே வந்தார். சுடரைக் காற்று அணைக்காமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டிருந்தார். கையில் குத்திய விளக்கு அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. "அண்ணே" என்று மண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"விட்டுட்டேனேம்மா" என்றார். "கையில தொட்டுப் பாத்தேனே. தொட்டுப் பாத்துட்டு விட்டுட்டேனே."

எண்ணெய் தீர்கிற வரைக்கும் அவர் விளக்கைக் கீழே வைக்கவில்லை.